இரண்டாம் வரிசை, நடுவில்

அத்தியாயம் 9

சிட்டு முடியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டுவின் இடது புருவத்துக்கு மேலே தொடங்கி, கன்னம் முழுக்கப் படர்ந்து, தாடையில் போய் நிற்கும் ஒரு கருஞ்சிவப்பு மச்சம். பழைய பள்ளியில் அதற்காகவே கடைசி பெஞ்சு. அதற்காகவே முன்னால் இழுத்துவிட்ட முடி. யார் கூப்பிட்டாலும் வலது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரிதான் திரும்புவாள். பள்ளியை மாற்றினார்கள். முடி மாறவில்லை. குரூப் போட்டோ எடுத்த அன்றைக்குத்தான், பக்கத்து இடத்துக்காரி ஒலிபெருக்கி (குரல் வளத்துக்காக வகுப்பே கூடி வைத்த பெயர்) தன் ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்து, "முடியை இப்படி விட்டேன்னா படத்துல பேய் மாதிரி விழும்டி. கட்டு" என்றாள். சிட்டு கட்டினாள். இரண்டாம் வரிசையில், நடுவில் போய் நிமிர்ந்து நின்றாள்.

காமிராவுக்குப் பின்னால் நின்றவர் அவளுடைய அப்பா. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் படம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர்.

போன வாரம் அங்கேதான் விட்டோம். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனோம். இந்த வாரம் அந்த மனுஷன் செய்து வைத்திருக்கிற காரியத்தைப் பாருங்கள்.

*

காலையில் வேலைக்குப் போகிற வழியில் அம்மா ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கடைச் சாவி அவளிடம்தான் இருக்கும். கொஞ்சம் பிந்தினாலும் வாசலில் இருமல் கச்சேரி ஆரம்பித்துவிடும். இருந்தும் வந்தாள். மகள் முகத்தை முழுசாகக் காட்டி நின்ற முதல் படம். அதைச் சாயந்திரம் வரை பார்க்காமல் இருக்க அவளால் ஆகாது.

"எனக்கு அந்தப் படத்துல ஒரு காப்பி குடுங்க. சீக்கிரம், கடை திறக்கணும்."

"சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டு வரேன். இப்ப எதுக்கு?"

"ஒரு காப்பி குடுக்க இவ்வளவு யோசனையா? பெத்தவ நான். பார்க்கக் கூடாதா?"

அவர் திரும்பாமல் கட்டிங் மிஷினையே அழுத்திக்கொண்டிருந்தார். புருஷன் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் பெண்டாட்டிக்கு மூக்கில் வேர்த்துவிடும். மேசை மேல் கிடந்த படங்களில் ஒன்றை அவளே எடுத்தாள்.

இரண்டாம் வரிசை. விரலை வைத்துக்கொண்டு தேடினாள். ஒலிபெருக்கி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் கண்ணாடி போட்ட பையன். நடுவில் ஒரு பெண், முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு. இரண்டு கன்னமும் ஒரே நிறத்தில் வழவழவென்று இருந்தன.

அம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"யாருங்க இது?"

அவர் வெட்டிய படங்களை அடுக்கத் தொடங்கினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். யார் இது?"

"கை தானா போயிடுச்சு" என்றார்.

இது பாதி உண்மை. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டுச் சரிசெய்யாமல் எந்த முகமும் படியிறங்காது. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றின் மேலும், கணினியில் உட்கார்ந்து, பக்கத்துத் தோலை எடுத்து எடுத்து ஒட்டித் துடைத்துவிடுவார். 'நம்ம கடையை விட்டு ஒரு பரு உயிரோட வெளியே போனதில்ல' என்று பெருமை வேறு. ஒருமுறை அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்த பெரியவரின் மூக்கு மருவைத் துடைத்துத் தள்ளிவிட்டார். அலுவலகத்தில் 'இது நீங்க இல்லை, மருவோட வாங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். திருந்தத்தான் இல்லை.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மகளின் முகத்துக்கு வந்தபோது கை தானாகப் போகவில்லை. நின்றது. வெகுநேரம் நின்றது. இந்த ஒரு படத்திலாவது என் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லாமல் இருக்கட்டுமே என்று நினைத்தார். நினைத்துவிட்டுத்தான் துடைத்தார். வெறுப்பில் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். பாசத்தில் செய்தவனை என்ன செய்வது?

அம்மா திட்டத்தான் செய்தாள்.

"கை தானா போச்சா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னீங்க? அவ வந்து நின்னதைப் பார்த்து கண்ணு கலங்கி ஃபோகஸே தெரியலைன்னு சொன்னீங்களே! அந்த முகத்தைத் துடைக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

"துடைக்கணும்னு இல்ல. நல்லா இருக்கட்டுமேன்னு..."

"அப்ப இத்தனை வருஷமா நல்லா இல்லாமதான் இருந்தாளா?"

அவர் கட்டிங் மிஷினை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"மத்ததெல்லாம் எங்க? பிள்ளைங்களுக்குக் குடுக்கற கவர்?"

"காலையிலேயே ஸ்கூல் கேட்ல குடுத்துட்டேன். முதல் பீரியட்லயே குடுத்துடறேன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க."

அம்மா கையிலிருந்த படத்தை மேசை மேல் போட்டாள்.

"கிளம்புங்க. இப்பவே கிளம்புங்க. அவ கைக்குப் போறதுக்குள்ள எல்லாத்தையும் வாங்கிடுங்க. பெத்த அப்பனே மறைச்சு வச்ச மூஞ்சின்னு தெரிஞ்சா அவ திரும்ப முடியை முன்னால இழுத்து விட்டுக்குவா. அப்புறம் நம்ம ஆயுசுல அதைப் பின்னால தள்ள முடியாது."

"என்னன்னு சொல்லி வாங்கறது?"

"மிஷின் கோளாறுன்னு சொல்லுங்க, தண்ணி பட்டுடுச்சுன்னு சொல்லுங்க. பூசி மெழுகறது உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?"

சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். மருந்துக்கடை வாசலில் அதற்குள் நாலைந்து பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

*

ஸ்கூட்டரைக் கிளப்புமுன் பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். சரி, நேரிலேயே போய்விடலாம் என்று கிளம்பினார். பாதி வழியில் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிதான் இன்னொரு தவணை திட்டக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுக்கவில்லை. கூப்பிட்டது அவளில்லை என்பது நமக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம், அவருக்குத் தெரிய வேண்டுமே.

பள்ளி கேட்டில் காவலாளி வழிமறித்தார். அவருக்கு ஸ்டுடியோக்காரரைக் கண்டால் வாயெல்லாம் பல்.

"வாங்க சார், உங்களைத்தான் நினைச்சேன். எனக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கணும். தலையில கொஞ்சம் முடி வச்சுக் குடுப்பீங்களாமே?"

"அப்புறம் வச்சுக்கலாங்க. காலையில ஒரு பார்சல் குடுத்தேனே, எங்க?"

"நெத்திப் பக்கம் மட்டும் வச்சாப் போதும். ரொம்ப வச்சா வீட்டுல சந்தேகப்படுவாங்க."

"பார்சல் எங்கன்னு கேக்கறேன்!"

காவலாளியின் சிரிப்பு அடங்கியது. "அது அப்பவே வகுப்புக்குப் போயிடுச்சே சார். டீச்சரே வந்து வாங்கிட்டுப் போனாங்க."

வகுப்பு மாடியில். படியேறும்போதே சத்தம் கேட்டது. டீச்சர் உள்ளே இருக்கிற வகுப்பில் அப்படிச் சத்தம் வராது. நடுநடுவே சிரிப்பு வேறு. பழைய பள்ளியில் ஒருநாள் இதே மாதிரிச் சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். அதற்கு நடுவில் யார் உட்கார்ந்திருந்தாள் என்பதையும் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் ஜன்னல் ஓரம் நின்று எட்டிப் பார்த்தார்.

சிட்டுவை ஒரு மேசையின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலிலிருந்து முதுகுதான் தெரிந்தது. சுற்றிலும் பிள்ளைகள். கண்ணாடி போட்ட பையன் கையில் குரூப் போட்டோ, இன்னொரு கையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனா. அவள் முகத்தைப் பார்ப்பான், குனிந்து படத்தில் கிறுக்குவான், மறுபடி பார்ப்பான். அவன் மட்டுமா? அந்த அறையில் யார் கையைப் பார்த்தாலும் ஒரு படமும் ஒரு சிவப்புப் பேனாவும்.

"டேய், இன்னும் பெருசாப் போடுடா! இவ்வளவுதானா அது?" என்று ஒரு பெண் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்குமேல் அவர் காதில் எதுவும் விழவில்லை. உள்ளே பாய்ந்தார். கண்ணாடிப் பையன் கையிலிருந்த படத்தைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் ஓரம் கிழிந்தது.

"என்னடா பண்றீங்க? ஒரு பொண்ணை மேல ஏத்தி உட்கார வச்சு... மனுஷப் பிள்ளைங்கதானா நீங்க?"

வகுப்பு கப்சிப். கண்ணாடிப் பையனுக்கு உதடு பிதுங்கியது.

"அப்பா!" என்றாள் சிட்டு.

"நீ இறங்கும்மா. வா, வீட்டுக்குப் போலாம். இந்த ஸ்கூலே வேண்டாம்."

"நான் ஒழுங்காத்தான் அங்கிள் போட்டேன்" என்று பையன் அழ ஆரம்பித்தான். "கோட்டைத் தாண்டிக்கூடப் போகல."

அவருக்குப் புரியவில்லை. கையிலிருந்த படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். அப்போதுதான் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் வந்தாள்.

"அங்கிள், நீங்க முதல்ல உங்க மிஷினை மாத்துங்க."

"என்னது?"

"உங்க மிஷின் சரியில்ல. எங்க எல்லாரையும் நல்லா எடுத்துட்டு இவளை மட்டும் கலர் விட்டு எடுத்திருக்கு. எல்லா காப்பியிலயும் அப்படியே இருக்கு. டீச்சர் உங்களுக்குப் போன் பண்ணத்தான் ஆபீசுக்குப் போயிருக்காங்க. அதுவரைக்கும் சும்மா உட்கார்றதுக்கு நாங்களே போட்டுக்கலாம்னு ஆரம்பிச்சோம்."

"போட்டுக்கலாம்னா?"

"இவளோடதை" என்றாள், தன் கன்னத்தில் வட்டம் போட்டுக் காட்டி. "இல்லாம எப்படி அங்கிள்? வீட்டுல போய் 'இவதான் என் ஃப்ரெண்டு'ன்னு காட்டினா யாருன்னு கேப்பாங்கள்ல?"

கப்சிப் உடைந்தது. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

"இவன் முதல்ல தப்புக் கன்னத்துல போட்டுட்டான் அங்கிள். இடது கன்னம்னா படத்துல இந்தப் பக்கம் வரும்ல? அது தெரியாம அந்தப் பக்கம் போட்டுட்டான்."

"அதான் இவளை மேல உட்கார வச்சோம். பார்த்துப் போடறதுக்கு."

"புருவத்துக்கு மேலயும் கொஞ்சம் போகும். நிறையப் பேர் அதை விட்டுட்டாங்க. நான் விடல."

"வெறும் சிவப்பு சரியா வரல அங்கிள். கொஞ்சம் பிரவுனும் சேர்க்கணும்."

ஸ்டுடியோக்காரர் கையில் இருந்ததை நிதானமாகப் பார்த்தார். நேற்று அவர் பார்த்துப் பார்த்து வழவழப்பாக்கிய கன்னத்தின் மேல் கோணல்மாணலாகச் சிவப்பு அப்பியிருந்தது. கிறுக்கல்தான். ஆனால் அந்தப் படத்தில் இப்போது சிட்டு இருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தாலும் சொல்லிவிடலாம். மூச்சு திரும்பி வந்தது. கூடவே அவமானமும் வந்தது. மகளை யாராவது ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்று அவர் பயந்த பிள்ளைகள் இவர்கள். அவளைப் படத்திலிருந்து எடுத்தது அவர். திருப்பி வைத்தது இவர்கள்.

"மன்னிச்சிடுப்பா" என்றார் பையனிடம்.

"கிழிச்சிட்டீங்களே அங்கிள்."

"வேற தரேன்."

"கலர் விடாமக் குடுங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி மட்டும் பேசவில்லை. சிட்டு மேசையிலிருந்து இறங்கி நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோவில் அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். மிஷின் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது அவளுக்குத் தெரியும்.

*

டீச்சர் மூச்சு வாங்க வந்தார். "சார், நீங்களே வந்துட்டீங்களா? உங்களுக்குத்தான் இவ்வளவு நேரமா போன் பண்ணிட்டிருக்கேன்." நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, அப்பாவையும் மகளையும் வராந்தாவுக்கு அழைத்து வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கவரைப் பிரிச்சதும் இவ என்கிட்ட வந்து என்ன கேட்டா தெரியுமா சார்? 'அன்னிக்கு நான் லீவா டீச்சர்?'னு கேட்டா."

அதைச் சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குள் போய்விட்டார். வராந்தாவில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லதானே?" என்றாள் சிட்டு.

சொல்வதற்குப் பொய் தயாராக இருந்தது. அம்மாவே இரண்டு கொடுத்து அனுப்பியிருந்தாள். இரண்டையும் அவர் சொல்லவில்லை.

"இல்லம்மா. நான்தான்."

"தெரியும். அவங்ககிட்டதான் நான் சொல்லல. எங்கப்பாதான் பண்ணாருன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இத்தனை வருஷமும் இந்த முகத்துக்காக வெட்கப்பட்டுக் கொண்டிருந்தவள், இன்றைக்குத் தன் முகத்துக்காக வெட்கப்படவில்லை. அப்பாவுக்காக வெட்கப்பட்டாள். அவர் குந்தி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். அவள் பிடித்துக்கொள்ளவுமில்லை, உதறவுமில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஹால்ல என் போட்டோ மாட்டியிருக்கே. தொட்டில்ல படுத்திருக்கிறது. பொறந்து ஒரு மாசத்துல எடுத்ததுன்னு எல்லார்கிட்டயும் சொல்வியே."

அவர் அவள் கையை விட்டார்.

"அதுல எனக்கு இது இல்ல. அதையும் நீங்கதான் அழிச்சீங்களா?"

அவள் அப்பாவை எப்போதும் 'நீ' என்றுதான் பேசுவாள். 'நீங்க' என்று அவள் கேட்டது அன்றுதான்.

"ஆமாம்மா."

"அப்ப பொறக்கும்போதே இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொறக்கும்போதே இருந்துச்சு."

சிட்டு மூச்சை விட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நான் எதையோ பண்ணித்தான் வந்துச்சுன்னு நெனச்சேன். அந்தப் போட்டோவுல நல்லாத்தானே இருந்தேன், அப்புறம் சுடுதண்ணியைக் கொட்டிக்கிட்டேனோ, இல்ல எங்கயாவது விழுந்தேனோன்னு. நானே கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சேன். கேட்டா அம்மா அழுவாங்கன்னு கேக்கவே இல்ல."

ஒரு குழந்தை, செய்யாத குற்றத்தை இத்தனை வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறது. அதைச் சுமத்தியது சுவரில் மாட்டிய ஓர் அழகான படம். ஸ்டுடியோக்காரர் அந்த வராந்தாவில், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, வாய்விட்டு அழுதார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் சிட்டு.

இந்தக் கேள்விக்கு அவரால் அழக்கூட முடியவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அந்தத் தொட்டில் படத்தைத் தொடமாட்டேன் என்று முதலில் மறுத்தது அவர். 'சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பணும், இதை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க' என்று விடாமல் கேட்டு வாங்கியது அவள். காலையில் அவள் போட்ட சத்தத்தில் எவ்வளவு அவருக்கு, எவ்வளவு அவளுக்கே என்று யார் கண்டது?

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா. மருந்துக்கடையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். வந்ததும் அவள் பார்த்தது மகளின் முடியை. பின்னால் இறுக்கிக் கட்டியபடியேதான் இருந்தது. "அப்பாடா, என் தங்கமே" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, தொட்டில் போட்டோ..." என்று ஆரம்பித்தாள் சிட்டு.

விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. அம்மா மகளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

அவள் பங்கை அவர் சொல்லியிருக்கவில்லை. இனிமேல் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

"ஏய், எங்கடி போய்ட்ட?" வகுப்புக்குள்ளிருந்து ஒலிபெருக்கியின் குரல் வராந்தாவையே அதிர வைத்தது. "இன்னும் மூணு பேர் போடல. வந்து உட்காரு!"

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதோ வரேன்டி" என்றாள். வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.